பழைய டிஜிட்டல் டிலே பெட்டிகளுக்கு எலக்ட்ரானிக் இசைக்காரர்கள் ஏன் இவ்வளவு விலை கொடுக்கிறார்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: லேப்டாப்பில் 24 பிட் டிலே ப்ளகின் (ஒலியைச் சற்று நேரம் கழித்து எக்கோவாகத் திருப்பித் தரும் மென்பொருள்) இருக்கிறது, எத்தனை விநாடி கேட்டாலும் தருகிறது, சத்தமில்லாமல் சுத்தமாக ஓடுகிறது, அப்படியிருக்க 1980களில் வந்த 12 பிட் ரேக் பெட்டி ஒன்றை ஏன் ஆட்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள், இது வெறும் பழைய பொருள் மோகமா, நானும் ஒன்று வாங்கலாமா. இதற்கு உள்ளே நீங்கள் நிஜமாகக் கேட்பது, எல்லா அளவிலும் குறைந்து நிற்கும் ஒரு கருவி எப்படி விரும்பத்தக்கதாக இருக்க முடியும் என்பதைத்தான். மோகமும் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கழித்துவிட்டாலும் திடமான காரணம் ஒன்று மிஞ்சுகிறது. அது இந்தப் பெட்டிகளின் பிட் எண்ணிக்கையில் (ஒலியை எவ்வளவு நுணுக்கமான எண்ணாக எழுதுகிறது என்பதில்) இல்லை, அவற்றின் க்ளாக்கில் (ஒலியை எவ்வளவு வேகமாக எழுதி எடுக்க வேண்டும் என்று தாளம் தட்டும் பகுதியில்) இருக்கிறது.

நான் பல வருடங்களாக ஸ்டூடியோவில் மிக்சிங் வேலையும், இந்த மாதிரி ரேக் பெட்டிகளைத் திறந்து பழுது பார்க்கும் வேலையும் செய்கிறேன். எனவே சர்க்யூட் பக்கம் சொல்வது உறுதியாகச் சொல்வது. ரசனை பக்கம் சொல்வது என் காதுக்குப் பட்டது. எங்கே எது என்று பிரித்தே எழுதுகிறேன். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பழைய டிலே என்றால் பலருக்கு டேப் எக்கோவும், 1969இல் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் பிறந்த பக்கெட் பிரிகேட் சிப்பை வைத்துச் செய்த அனலாக் பெடல்களும் நினைவுக்கு வரும். அவை வேறு குடும்பம். இங்கே பேசுவது ஒலியை எண்களாக மாற்றி, மெமரி சிப்பில் போட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப எடுக்கும் பெட்டிகள்: லெக்சிகான் பிசிஎம் 41, பிசிஎம் 42, கோர்க் எஸ்டிடி 3000, ரோலண்ட் எஸ்டிஇ 3000, ஏஎம்எஸ் டிஎம்எக்ஸ் 15-80 போன்றவை.

அந்தக் காலத்தில் இந்தப் பெட்டியை வடிவமைத்தவர்களின் பெரிய தலைவலி மெமரியின் விலை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 பிட் ஒலிக்கு, பிட்டுக்கு ஒன்றாக 12 மெமரி சிப் வேண்டும். 1970களின் கடைசியில் எளிதாகக் கிடைத்தது 16 கிலோபிட் சிப், அதாவது ஒவ்வொன்றிலும் 16,384 இடங்கள். விநாடிக்கு 32,000 முறை சாம்பிள் எடுத்தால், அதாவது ஒலியை அளந்து எண்ணாக எழுதினால், அது 0.512 விநாடியில் நிரம்பிவிடும். 12 சிப் வாங்கி அடுக்கியும் அரை விநாடிதான்! அதே பெட்டியில் க்ளாக்கைப் பாதியாக்கி விநாடிக்கு 16,000 முறை எடுத்தால் ஒரு விநாடிக்கு மேல் கிடைக்கும், ஆனால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி எதுவும் உள்ளே போக முடியாது. சிப்பைக் கூட்டாமல் நேரத்தை நீட்ட இருந்த வழி அதுதான், பலரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கலைக் கைமாற்றி மேல்மாடிக்கு அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்களின் எண்ணிக்கை மாறாது, கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் ஒரு செங்கல் மேலே போய்ச் சேரும் நேரத்தை முடிவு செய்யும். பழைய டிலேயில் மெமரிதான் அந்த ஆட்கள், கை வேகம்தான் க்ளாக்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வரிசையில் செங்கல்கள் பாதி வழியில் இருக்கும்போது கை வேகத்தை மாற்றினால் என்ன ஆகும்? ஒரு வேகத்தில் உள்ளே போன ஒலி இன்னொரு வேகத்தில் வெளியே வரும், அதாவது ஸ்ருதி மாறும். க்ளாக்கைப் பாதியாக்கினால் மெமரியில் இருந்த எல்லாம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி வரும். ஃபீட்பேக் (வெளியே வரும் ஒலியில் ஒரு பங்கை மறுபடி உள்ளே அனுப்புவது) நிறைய வைத்திருந்தால் அந்த இறங்கிய ஒலியே மறுபடி உள்ளே எழுதப்பட்டு, நீங்கள் குமிழைத் திருப்பும்வரை கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதோடு பெட்டியின் ஃபில்டர் க்ளாக்கோடு சேர்ந்து நகராவிட்டால், க்ளாக் இறங்க இறங்க ஒலியின் நிழல் போன்ற உலோகச் சத்தம் ஒன்று மேலே எட்டிப் பார்க்கும். ஒரே குமிழில் நேரமும், ஸ்ருதியும், ஒலியின் நிறமும் மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டு நகர்கின்றன. ஒரு டிரம் மெஷினின் ரிம் ஷாட்டை மட்டும் அதற்குள் விட்டு, 375 மில்லிவிநாடியில் வைத்து, ஃபீட்பேக்கை முக்கால் அளவுக்கு ஏற்றி, க்ளாக்கை மிக மெதுவாக இறக்கிப் பாருங்கள். டிக் டிக் என்ற மரச் சத்தம் கனத்துக்கொண்டே போய் டொம் டொம் என்று ஆகி, கடைசியில் டிரம்மா சிந்தசைசரா என்று சொல்ல முடியாத ஒன்றாக மாறும். ஒரு சிந்தும் இல்லாமல் ஒரு பாட்டின் நடுப்பகுதி முழுவதையும் இதை வைத்தே ஓட்டலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஹோல்டு பொத்தான். சில பெட்டிகளில் இன்ஃபினிட் ரிப்பீட் என்று எழுதியிருக்கும். அதை அழுத்தியதும் மெமரியில் எழுதுவது நின்றுவிடும், உள்ளே இருப்பது மட்டும் சுற்றிச் சுற்றி வாசிக்கப்படும். ஃபீட்பேக் போல ஒவ்வொரு சுற்றிலும் தேயாது.  அந்த நிலையில் க்ளாக்கை அசைத்தால் கையில் ஒரு சிறிய சாம்ப்ளர் (பிடித்து வைத்த ஒலியை வேறு வேறு ஸ்ருதியில் வாசிக்கும் கருவி) வந்துவிடுகிறது. ஏஎம்எஸ் 15-80இல் இப்படிப் பூட்டி வைத்த ஒலியை வெளியிலிருந்து வரும் டிரிக்கரால் (தூண்டும் சிக்னலால்) தட்டி எழுப்ப முடிந்தது, ஸ்டூடியோக்களில் டிரம் ஒலியை மாற்றிப் போடவே அதை நிறையப் பயன்படுத்தினார்கள். அந்தப் பெட்டியை நான் கேட்டிருக்கிறேனே தவிர திறந்து பார்த்ததில்லை, அதனால் அதன் உள்வேலை பற்றி இதற்கு மேல் போகவில்லை.

அடுத்தது ஃபீட்பேக் ஓடும் பாதை. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் வெளியே வந்த ஒலி அனலாக் வடிவிலேயே திரும்பி உள்ளே நுழைகிறது. எனவே ஒவ்வொரு ரிப்பீட்டும் ஃபில்டர், எண்ணாக மாற்றும் சிப், மெமரி, மறுபடி ஒலியாக மாற்றும் சிப், மறுபடி ஃபில்டர் என்று முழுச் சுற்றையும் புதிதாகக் கடக்கிறது. 12 பிட்டில் ஒலிக்கும் இரைச்சலுக்கும் இடையே சுமார் 74 டெசிபெல் இடைவெளிதான் கிடைக்கும், அது போதாது என்பதால் உள்ளே போகும்போது ஒலியை அமுக்கி, வெளியே வரும்போது விரிக்கும் கம்பேண்டர் சர்க்யூட்டைப் பலர் சேர்த்தார்கள். அதற்கு மேல், உயர் அதிர்வெண்களை முன்கூட்டியே தூக்கிவிட்டுப் பின்னால் இறக்கும் வேலையும் உண்டு. இதன் விளைவு என்னவென்றால், ஹை ஹேட் போன்ற கூர்மையான ஒலியை அழுத்தி உள்ளே விட்டால் அதன் முனைதான் முதலில் மழுங்கும். 10 ரிப்பீட் என்றால் 10 முறை மழுங்கும். கம்பேண்டர் ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி அமுக்கி விரிப்பதால் வால் பகுதியில் ஒரு மூச்சு வாங்கல் கேட்கும். ஃபீட்பேக்கை எல்லை தாண்டி ஏற்றினால் டிஜிட்டல் ப்ளகினில் சில சமயம் ஸ்பீக்கரே போய்விடும் அளவுக்குக் கத்தும். இங்கே அனலாக் பகுதி ஓரளவுக்கு மேல் போக விடாமல் பிடித்து நிறுத்திவிடும், அந்த விளிம்பில் பெட்டியை நிமிடக் கணக்கில் நிற்க வைத்து வாசிக்கலாம். எலக்ட்ரானிக் இசையில் ஒரே ஒலியை நீண்ட நேரம் உயிரோடு வைத்திருக்க வேண்டியிருப்பதால் இந்தக் குணம் அந்த இசைக்காரர்களுக்குப் பெரிய வரம்.

நேரத்தை மிகவும் குறைத்தால் டிலே எக்கோவாக இருப்பதை விட்டு ஒரு சுரமாக மாறிவிடும். 5 மில்லிவிநாடி வைத்து ஃபீட்பேக்கை ஏற்றினால் 200 ஹெர்ட்ஸில் பாடும். ஃபீட்பேக்கின் ஃபேஸை (அலையின் ஏற்ற இறக்கத்தை) தலைகீழாக்கும் ஸ்விட்ச் இருந்தால் (ரோலண்ட் எஸ்டிஇ 3000இல் உண்டு) அதே 5 மில்லிவிநாடி 100, 300, 500 என்று ஒற்றைப்படை வரிசையில் ஒலித்து, மூங்கில் குழாய்க்குள் இருந்து வருவது போலப் பொள்ளலாகக் கேட்கும். கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் 1983இல் வெளியிட்ட, தந்தி ஒலியைக் கணினியில் செய்யும் முறைக்கும் அடிப்படை இதுதான்: ஒரு சின்ன டிலே, ஒரு ஃபில்டர், ஒரு ஃபீட்பேக். ஒரு சாதாரண க்ளிக் சத்தத்தை இப்படி வைத்த ரேக் டிலேக்குள் விட்டாலே தந்தியை மீட்டியது போல வரும்.

இவை யாருக்காகச் செய்யப்பட்டன என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1971இல் வந்த லெக்சிகான் டெல்டா டி 101 போன்றவற்றின் முக்கிய வேலைகளில் ஒன்று, பெரிய அரங்குகளில் பின்வரிசை ஸ்பீக்கரைத் தாமதப்படுத்துவது; மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு நேரடி ஒலி ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வருகிறது, ஸ்பீக்கரும் அவ்வளவு பொறுக்க வேண்டும். இப்படிப்பட்ட பெட்டிகளை ஸ்டூடியோக்காரர்கள் கையில் எடுத்துக் கெடுத்தார்கள், நல்ல அர்த்தத்தில் சொல்கிறேன். ஈவண்டைட் எச்910இன் டிலே அதிகபட்சம் 112.5 மில்லிவிநாடிதான், ஆனால் அது ஸ்ருதியையும் மாற்றும். டேவிட் போவியின் 1977ஆம் வருட ‘லோ’ ஆல்பத்தில் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி அதை ஸ்னேர் டிரம்மில் போட்டு, ஃபீட்பேக் சுற்றுக்குள்ளேயே ஸ்ருதியைச் சற்று இறக்கிவைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் இறங்கி, அடி விழுந்த பிறகு டிரம் சரிந்து கீழே போவது போலக் கேட்கிறது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் ஜாய் டிவிஷன் பேண்டின் டிரம் ஒலியில் ஏஎம்எஸ் டிலேயை வைத்துச் செய்ததையும் கேட்டுப் பாருங்கள். எக்கோவாகத் தனியே காதில் விழாது, டிரம் நிற்கும் அறையே மாறிவிட்டது போல இருக்கும். எலக்ட்ரானிக் இசையில் இன்றைக்கு இயல்பாகிவிட்ட பல ஒலிகளுக்கு இந்தச் சில வருடங்களில் நடந்த சோதனைகளே விதை.

கைக்குப் படும் விதமும் முக்கியம். பிசிஎம் 42இன் முகப்பில் க்ளாக்கை நேரடியாக அசைக்க ஒரு குமிழ் இருக்கிறது. அதை எந்த அலைவடிவம் ஆட்ட வேண்டும், உள்ளே வரும் ஒலியின் பலமே ஆட்ட வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க இன்னொன்று. அழுத்தி வாசித்தால் ஸ்ருதி வளையும், மெதுவாக வாசித்தால் நேராக இருக்கும். மெனுவே கிடையாது. டெம்போவோடு தானாக ஒட்டிக்கொள்ளாத பெட்டிகளே அதிகம் என்பதால், 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) பாட்டுக்கு நீங்கள் காதால், முக்கால் தட்டான 375 மில்லிவிநாடிக்குப் பதில் 371இல் நிறுத்தியிருப்பீர்கள். ரிப்பீட் ஒவ்வொன்றும் 4 மில்லிவிநாடி முன்னால் நழுவும். சீக்வென்சர் (சுரங்களைத் தானாக வரிசையாக வாசிக்கும் கருவி) இம்மி பிசகாமல் ஓடும்போது அந்த நழுவல்தான் பாட்டை ஆட வைக்கிறது என்பது என் எண்ணம். சிலருக்கு அதுவே எரிச்சல், அதையும் பார்த்திருக்கிறேன்.

இனி சந்தேகத்துக்கு உரியவை. 12 பிட் என்பதாலேயே ஒலிக்கு ஒரு ‘வார்ம்’ குணம் வருகிறது என்று பலர் சொல்வார்கள். இதை நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. பிட்டை மட்டும் குறைக்கும் ப்ளகினைப் போட்டுப் பாருங்கள், வருவது சொரசொரப்பான இரைச்சல்தான். பழைய பெட்டியின் மென்மைக்கு மேலே சொன்ன ஃபில்டரும் கம்பேண்டரும்தான் பொறுப்பு என்பது நான் சர்க்யூட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது. குறிப்பிட்ட ஒரு கன்வெர்ட்டர் சிப்புக்கு மந்திரம் இருக்கிறது என்ற பேச்சையும் ஒதுக்கி வையுங்கள். அப்புறம், 20 ட்ராக் ஓடும் ஒரு முழு மிக்ஸில் பின்னால் மெல்லிதாகக் கேட்கும் எக்கோ பழைய பெட்டியா ப்ளகினா என்று கேட்பவர் கண்டுபிடிப்பாரா என்றால், மாட்டார் என்றே நினைக்கிறேன். நானும் எல்லா முறையும் கண்டுபிடிப்பேன் என்று பந்தயம் கட்ட மாட்டேன். டிலேயை அப்படியே வைத்துவிட்டுப் போகிறவருக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. பாட்டு ஓடும்போது அதைத் திருப்பிக்கொண்டே இருப்பவருக்குத்தான் வித்தியாசம். விலை ஏறியதில் பெரிய பேண்டுகளின் பெயருக்கும் பங்கு உண்டு. கோர்க் எஸ்டிடி 3000 என்றாலே யூடூவின் கிட்டாரிஸ்ட் எட்ஜ் என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

பழையது எல்லாம் இப்படி வேலை செய்யும் என்றும் எண்ண வேண்டாம். 1985இல் வந்த யமஹா எஸ்பிஎக்ஸ் 90இன் க்ளாக் விநாடிக்கு 31,250 என்று நிலையானது, அருமையான பெட்டி, ஆனால் நான் சொன்ன வித்தை அதில் வராது. எஸ்டிஇ 3000இலும் நேரத்தைப் பொத்தானால்தான் மாற்ற வேண்டும், க்ளாக்கை வளைப்பது அதன் மாடுலேஷன் பகுதிதான் (நேரத்தைத் தானாக ஏற்றி இறக்கி ஆட்டும் பகுதி). எனவே மாடல் பெயரைப் பார்த்து ஓடாமல், க்ளாக்கை அசைக்கும் குமிழ் முகப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்குவதற்கு முன் செலவில்லாமல் ஒன்று செய்யலாம். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள் வைத்திருந்தால் அதன் டிலேயில் ரீபிட்ச் என்ற முறை உண்டு, அதைத் தேர்ந்தெடுத்து நேரத்தை மவுஸால் இழுத்துப் பாருங்கள். ஸ்ருதி வளையும், நிறம் மாறாது; பாதி அனுபவம். லெக்சிகானின் பிரைம் டைம் என்ற பழைய டிலே பெட்டியைப் பின்பற்றிய சவுண்ட்டாய்ஸ் ப்ரைமல்டாப் போன்ற ப்ளகின்கள் மீதிப் பாதியையும் நெருங்கிவிடுகின்றன, அதில் உங்களுக்கு மனம் நிறைந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

சாலிடரிங் தெரிந்தவர் என்றால் இன்னொரு வழி இருக்கிறது, என் முதல் பரிந்துரையே அதுதான். தைவான் ப்ரின்ஸ்டன் நிறுவனத்தின் பிடி2399 என்ற சிப், கரோக்கி எக்கோவுக்காகச் செய்தது. நம் ஊரில் மைக் ஆம்ப்ளிஃபயரில் சேர்க்க எக்கோ போர்டு என்று விற்பவற்றில் பலவற்றுக்கும் இதுதான் இதயம், மிக மலிவு. அதற்குள் 44 கிலோபிட் மெமரி, அளவு மாறாது. 6ஆவது காலில் இருக்கும் ரெசிஸ்டர்தான் க்ளாக்கின் வேகம். 500 ஓம் வைத்தால் சுமார் 31 மில்லிவிநாடி, 27.6 கிலோஓம் வைத்தால் 342. அந்த இடத்தில் 50 கிலோஓம் குமிழ் ஒன்றை வைத்து அதற்கு மேலும் இழுத்தால் ஒலி கலங்கிக் குழம்பி அழகாக அழியும். (குமிழோடு வரிசையில் 1 கிலோஓமாவது போடுங்கள், ரெசிஸ்டர் மிகக் குறைவாக இருக்கும்போது பவர் போட்டால் சிப் விழிக்காமல் நின்றுவிடும்.) இதோடு ஒரு வாரம் விளையாடினால் உங்களுக்கு ரேக் பெட்டி தேவையா என்பது தெரிந்துவிடும்.

அதன் பிறகும் வேண்டும் என்றால், பெரிய பெயர்களை விட்டுவிட்டு ஐபனீஸ், டெல்டாலேப் போன்றவற்றைத் தேடுங்கள். ஜப்பானிலிருந்து வருவது 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட். நம் 230இல் நேராகச் செருகினால் அன்றோடு சரி, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மருக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பவர் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் மாற்ற வேண்டியிருக்கும், அது சாதாரண வேலை. மெமரி சிப்பும் பெரும்பாலும் கிடைக்கும், பழைய 4116 வகையாக இருந்தால் மூன்று வோல்டேஜ் கேட்கும், அதில் மைனஸ் 5 போய்விட்டால் சிப்புகள் வரிசையாகச் சாகும் என்பதால் முதலில் அதை அளக்கச் சொல்லுங்கள். அந்தந்த நிறுவனம் தனக்கென்றே செய்த சிப் போயிருந்தால்தான் கஷ்டம், இன்னொரு செத்த பெட்டியிலிருந்து பிடுங்க வேண்டும். விற்பவரிடம் படம் கேட்காதீர்கள், ஒலிப்பதிவு கேளுங்கள்: நேரத்தை அதிகபட்சம் வைத்து, உள்ளே எதுவும் கொடுக்காமல் ஒரு நிமிடம், அப்புறம் ஒரு சுரத்தை ஹோல்டில் போட்டு க்ளாக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகத் திருப்பி ஒரு நிமிடம். அமைதியான பகுதியில் சீரான இடைவெளியில் டிக் என்று விழுந்தால் மெமரியில் ஓட்டை. க்ளாக் திரும்பும்போது நடுவில் ஒலி அறுந்தால் க்ளாக் பகுதியிலேயே கோளாறு, அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.